இருபது சாட்சிகள் குளிக்கப் போன விவரம்

மேலகரம்,
ஆடி 4, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் டாக்டர் ஆனந்தவள்ளிக்கு,

தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்ற உன் அப்பா மந்திரமூர்த்தி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், சாரலும் நலம். நீயும் சென்னையில் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். மூன்று நாளாக நீ போனை எடுக்காததால் நினைக்க மட்டும்தான் முடிகிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் நீ அனுப்பிய ஒரே ஒரு வரி என் போனில் இருக்கிறது. "அப்பா, ஏன் இப்படிச் செஞ்சீங்க?" அதற்கு நான் நான்கு தடவை குரலில் பதில் அனுப்பினேன். முதல் பதிலில் பாதிக்கு மேல் குக்கர் விசில். இரண்டாவதில் உன் அம்மா குறுக்கே பேசியது. மூன்றாவதில் நான் வாயைத் திறப்பதற்குள் விரலை எடுத்துவிட்டேன். நான்காவதுதான் தெளிவாக அமைந்தது, ஆனால் அது தவறுதலாக நம் தெரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. எழுபத்திரண்டு பேர் என் மன்னிப்பை ஏற்றுக்கொண்டு கும்பிடு போட்டிருக்கிறார்கள். எனவே பேப்பரில் எழுதுகிறேன். இதில் இன்னொரு வசதி, நீ இடையில் பேச முடியாது.

நீ சொன்னது எனக்கு மறந்துபோயிற்று என்று பொய் சொல்ல மாட்டேன். எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. கிராமத்துக் குடும்ப டாக்டர்கள் எந்தெந்தக் கேள்விகளை முதலில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பதைப் பெரிய டாக்டர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது, கிராமத்து ஆட்களிடமே கேட்க வேண்டும், அதற்கு இரண்டு இடத்தில் கூட்டம், ஒன்று தருமபுரிப் பக்கம், ஒன்று நம் தென்காசிப் பக்கம், எந்த ஊர் ஆட்கள் மனம் விட்டுப் பேசுகிறார்களோ அங்கே மூன்று வருஷத்துக்கு ஆபீஸ் போடுவார்கள், அந்த ஆபீஸுக்கு டாக்டர் நீ. உன் சொந்த ஊர் என்பதால் நம் கூட்டத்துக்கு நீ வரக் கூடாது என்று விதி. அதனால் என்னிடம், "இருபது பேரை மட்டும் கூட்டிட்டு வாங்கப்பா, வேற ஒண்ணும் செய்யாதீங்க" என்றாய். அந்த "ஒண்ணும் செய்யாதீங்க" என்பதை இரண்டு தடவை சொன்னாய். நானும் இரண்டு தடவை சரி என்றேன்.

ஆள் சேர்ப்பது வரைக்கும் ஒரு குறையும் இல்லை. வீடு வீடாகப் போய் இருபது பேரைச் சேர்த்தேன். சேர்த்தவன் பேசாமல் வந்திருக்கலாம். கூட்டத்தில் என்ன பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு வார்த்தை கேட்டேன், அங்கேதான் சனி பிடித்தது. சவூதியில், தம்மாமில் வண்டி ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்ட அகமது கபீர் பாய், "எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிருவேன் அண்ணாச்சி. தூரத்துல இருந்து வந்தவங்க, மனசு நோகப்படாதுல்லா" என்றார். பீடி சுற்றும் ஹைருன் பீவி, "எனக்கு லேசா சுகர் இருக்கு, அதைப் போயி மெட்ராஸ் டாக்டர்ட்ட சொல்லி என்ன செய்ய? வார புள்ளைக்கு நல்ல டீயாக் குடுத்து அனுப்புங்க" என்றது. பட்டாளத்தில் இருந்து வந்து வயல் பார்க்கும் நம்பிராஜன் மீசையைத் தடவிக்கொண்டு, "நீரு என்ன சொல்லச் சொல்லுதீரோ அதைச் சொல்லிட்டுப் போறேன் வே" என்றார்.

தாயி, நீயே யோசித்துப் பார். முப்பத்திரண்டு வருஷம் சாட்சிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனவன் முன்னால் ஒரு மனுஷன் வந்து நின்று, என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டால் கை சும்மா இருக்குமா? எல்லாரும் நல்லாயிருக்கோம் என்று சொல்லி டீயைக் கொடுத்து அனுப்பினால் ஆபீஸ் நேரே தருமபுரிக்குப் போய்விடும். அன்றைக்கே உட்கார்ந்து இருபது பேருக்கும் வாக்குமூலம் எழுதினேன். ஆளுக்கு அரைப் பக்கம். "மேற்படி நான் மேலகரத்தில் குடியிருந்து வருகிறேன். எனக்குக் கடந்த எட்டு வருடங்களாகச் சர்க்கரை நோய் இருந்து வருகிறது. மேற்படி நோயை உயர்திரு ஆராய்ச்சியாளர் அவர்கள் ஆராய்ந்து ஆவன செய்ய வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்." இந்த ரீதியில். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று ஆளுக்கு ஒரு நோய் போட்டேன். யாருக்கு என்ன உடம்புக்கு என்று நம் தெருவில் தெரியாதது இல்லை. ஒரு நோயும் இல்லாத இரண்டு பேருக்கு மட்டும் நானாகப் பார்த்துக் கொடுத்தேன். பெயர் எழுதினால் பின்னால் ஆதாரமாகிவிடும் என்று எந்தத் தாளிலும் பெயர் போடவில்லை. முன்னாலேயே படித்தால் மனப்பாடம் செய்தது மாதிரி இருக்கும், அங்கே போய்ப் பிரித்துப் பாருங்கள் என்றும் சொல்லிவைத்தேன். இவ்வளவு ஜாக்கிரதையாக நான் எந்தக் கேஸும் நடத்தியதில்லை.

உன் அம்மா வள்ளித்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, அவ ஒண்ணும் செய்யாதீயன்னுல்லா சொன்னா?" என்றாள். "இது செய்யிறது இல்ல, எழுதுறது" என்றேன். அதற்கு அவள் பார்த்த பார்வை எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும்.

நம் ஊர் மண்டபத்தில் ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, காலியாகக் கிடக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். எல்லா மண்டபக்காரர்களும் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஆடியில் வெள்ளை அடிக்கிறார்கள். சாரம் கட்டி, நாற்காலியெல்லாம் ஓரமாகக் குவித்து, தரை பூராவும் சுண்ணாம்பு. சரி என்று குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் இருக்கும் ஹாலைப் பிடித்தேன். எழுதிக் கொடுத்தது ஒரு தப்பு என்றால் இது அதைவிடப் பெரிய தப்பு. சாரல் விழுகிற நாளில் நம் ஊர்க்காரன் குற்றாலத்துக்குப் பத்திரம் பதியப் போனாலும் தலையை நனைக்காமல் வீடு திரும்ப மாட்டான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். சீசன் டூட்டியில் பேரருவிக்கு முன்னால் நின்று எத்தனை வருஷம் விசில் ஊதியிருக்கிறேன். ஆனால் அன்று காலையில் தண்ணீர் அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற ஆர்ச்சைத் தொட்டுக்கொண்டு விழுந்தது, குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். டூட்டியில் நின்ற காவலர் என்னிடம், "இன்னைக்குத் திறக்க மாட்டாங்க அண்ணாச்சி" என்றார். அந்தத் தைரியத்தில் நான் மாடியில் நாற்காலி போடப் போய்விட்டேன். ஒன்பதரைக்கு நம் இருபது பேரையும் ஏற்றிக்கொண்டு வேன் வந்து நின்றது. ஒன்பதரைக்கே தடையையும் எடுத்துவிட்டார்கள்.

பதினொரு மணிக் கூட்டத்துக்குப் பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பத்தொன்பது பேர் ஈரத் தலையோடு படியேறி வந்தார்கள். எண்ணெய் வாசனை அவர்களுக்கு முன்னால் வந்தது. கைலி தோளில், துண்டு தலையில், பெண்கள் கூந்தலை உதறி உதறி ஹால் பூராவும் சாரல். இருபதாவது ஆளான உன் மாமன் முத்துவடிவு மட்டும் உலர்ந்த தலையோடு வந்தான். அவனுக்குச் சளி, அதனால் எல்லாருடைய துணிமணிக்கும் காவல். காவல் இருந்தவன் காவலோடு நிறுத்தியிருந்தால் உன் அப்பா நான் இன்றைக்கு நிமிர்ந்து நடந்திருப்பேன். "சட்டப் பையில இருந்தா தெறிச்சு நனைஞ்சிரும் மச்சான், அதான் எல்லா பேப்பரையும் எடுத்து ஒரே பையில போட்டு வச்சேன்" என்று ஒரு அல்வாக்கடைப் பையைத் தூக்கிக் காட்டினான். பாராட்டை எதிர்பார்த்து நின்றான். எந்தத் தாளிலும் பெயர் இல்லை அல்லவா? வாசலில் நின்று வரிசையாக, கல்யாண வீட்டில் தாம்பூலப் பை கொடுப்பதுபோல, கைக்கு வந்ததைக் கொடுத்து அனுப்பிவிட்டான். இதை அவன் என்னிடம் சொல்லி முடிக்கும்போது உள்ளே உன் பேராசிரியர் சஃப்ரின் மேடம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யார் முதல்ல பேசறீங்க?" என்று மேடம் கேட்டார். கபீர் பாய்தான் எழுந்தார். அறுபத்து நாலு வயசு, வெள்ளைத் தாடி, வெள்ளைச் சட்டை. தாளைப் பிரித்து நல்ல கணீர்க் குரலில் படித்தார். "மேற்படி நான் ஏழு மாத கர்ப்பிணி." நிறுத்தினார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தலை தானாக ஆடிவிட்டது. அண்ணாச்சி தலையை ஆட்டினால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று அவர் மேலே படித்தார். "எனக்குக் கால் வீக்கம் இருந்து வருகிறது. மாமியார் வீட்டில் போதிய ஓய்வு கிடைப்பதில்லை." மேடம் பேனாவை எடுத்தார், எழுதவில்லை. அடுத்தது, உண்மையிலேயே ஏழு மாதமாக இருக்கிற இசக்கிச்செல்வி. அந்தப் பிள்ளை சன்னக் குரலில், "மேற்படி நான் முப்பது வருடங்களாகப் பீடி குடித்து வருகிறேன். விட முயன்றும் முடியவில்லை" என்றது. பக்கத்தில் இருந்த மாமியார் விருட்டென்று திரும்பி, "ஏட்டி, என்னட்டி சொல்லுத?" என்றாள். மூன்றாவதாக நம்பிராஜன் பட்டாளத்தில் நிற்பதுபோல விறைப்பாக எழுந்து நின்று, "மேற்படி எனக்குக் கர்ப்பப்பை எடுத்து ஆறு வருடம் ஆகிறது" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்து, உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஹாலில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர் என்றுதான் அப்போது நினைத்தேன். ஒருவர் நம்பிராஜன், அவருக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. இன்னொருவன் நான்.

மேடம் சிரித்தார்தான், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டார். நம்பிராஜன் பையில் வைத்ததையும் விடாமல் எல்லாத் தாளையும் வாங்கி அடுக்கினார். "இதெல்லாம் யார் எழுதினது?" என்று கேட்டார். நம் ஜனங்கள் வாயால் காட்டிக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் இருபது தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. எத்தனையோ அடையாள அணிவகுப்புப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமாக ஆளை அடையாளம் காட்டி ஒன்றுகூடப் பார்த்ததில்லை. "நீங்க போலீஸா சார்?" என்றார். "ரிட்டயர்ட்" என்றேன். "அவங்கவங்க உடம்பைப் பத்தி அவங்கவங்கதான் சார் சொல்லணும். ஒருத்தங்க வெளிய சொல்ல விரும்பாததும் இதுல இருக்கலாம் இல்லையா?" என்றார், மெதுவாகத்தான். ஆனந்தி, மேலதிகாரிகளிடம் எவ்வளவோ ஏச்சு வாங்கியிருக்கிறேன், ஒன்றும் உறைத்ததில்லை. இது உறைத்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்த அந்தப் பெண் யார் என்று அங்கே யாரும் கண்டுபிடிக்கவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். ஆனால் அந்தப் பெண் அந்த ஹாலில்தான் இருந்தாள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வெட்கமாகப் போயிற்று. மேடம் என்னை வெளியே உட்காரச் சொன்னார், போய் உட்கார்ந்தேன்.

வெளியே என்றால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம். காது கேட்கிற தூரம்தான். தாள் போனபிறகு முதலில் ஹைருன் பீவி குரல்தான் கேட்டது. "டாக்டரு தினமும் அரை மணி நேரம் நடங்கன்னு சொல்லுதாரு. எங்கன நடக்க? தெருவுல இறங்குனா எங்க போறீய எங்க போறீயன்னு பத்து பேரு கேக்காங்க. சும்மா நடக்கேன்னு சொன்னா சிரிக்காங்க. சீக்குக்கு நடக்கேன்னு சொன்னா சீக்காளின்னு பேராயிரும், வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு நிக்கி. பொம்பளைக்கு நடக்க ஒரு எடம் எங்கன இருக்குன்னு மொதல்ல ஆராய்ச்சி பண்ணுங்க." அதற்குப் பிறகு அணை உடைந்துவிட்டது. நம்பிராஜன், ஆஸ்பத்திரியில் மாத்திரை மாதத்துக்கு ஒரு கலரில் வருகிறது, கலர் மாறினால் சாப்பிடுவதில்லை, இரண்டு வருஷமாக வெள்ளை வந்தால் மட்டும் சாப்பிடுகிறேன் என்று அங்கே ஒப்புக்கொண்டார். அவர் பெண்டாட்டிக்கே தெரியாத விஷயம். இசக்கிச்செல்வி, மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "டாக்டர் என்கிட்ட கேட்டா அத்தைதான் பதில் சொல்லுதாங்க. அஞ்சு நிமிசம் நான் மட்டும் பேச முடியுமா?" என்றது. மாமியார் எழுந்து வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கடைசியாக கபீர் பாய். "தம்மாம்ல இருபத்தாறு வருசமும் ஒரே டாக்டரு, மலையாளத்துக்காரரு. நான் உள்ள நுழையும்போதே, கபீரே ஒறங்கலையான்னு கேப்பாரு. இங்கன வந்து ஆறு வருசத்துல ஒம்பது டாக்டரைப் பாத்துட்டேன். ஒவ்வொருத்தர்ட்டயும் பொறந்ததுல இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு, பாதிக் கதை போவதுக்குள்ள அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுருதாங்க. ஒரே டாக்டரு ஒரே ஊர்ல பத்து வருசம் இருந்தா எங்க சுகர் எம்புட்டுக் குறையும்? அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார். இந்தக் கேள்வியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. உன் தலை மேல் சத்தியம்.

அப்புறம் எல்லாக் கேள்வியையும் பெரிய தாளில் எழுதி ஒட்டி, ஆளுக்கு மூன்று சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்து, எது முக்கியமோ அதில் ஒட்டச் சொன்னார் மேடம். நான்கைந்து பெண்கள் ஒன்றை நெற்றியில் வைத்துக்கொண்டு இரண்டை மட்டும் ஒட்டினார்கள். குளித்ததில் பொட்டு போயிருந்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. மேடம் ஆச்சரியப்பட்டது வேறு விஷயத்துக்கு. ஒருவர்கூடத் தன் கேள்விக்குத் தான் ஒட்டவில்லை. நம்பிராஜன் இசக்கிச்செல்வி கேள்விக்கு, அவள் ஹைருன் பீவி கேள்விக்கு, அந்த மாமியார் உள்ளே போய் மூன்றையும் மருமகள் கேள்வியிலேயே ஒட்டிவிட்டு வந்தாள். இருந்தாலும் முதலிடம் கபீர் பாய் கேள்விக்குத்தான் வந்தது.

கிளம்பும்போது மேடத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "நடந்ததை நடந்தபடிதான் சார் எழுதுவேன். நீங்க எழுதிக் கொடுத்ததையும் எழுதுவேன், அதுக்கப்புறம் இவங்க பேசினதையும் எழுதுவேன். இப்ப ரெண்டு ஊரும் சமமாத்தான் இருக்கு. எந்த ஊர் வேணும்னு ஆனந்தவள்ளியையே கேட்டுடப் போறேன்" என்றார். அவர் கேட்டிருப்பார். நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஏன் செய்தேன் என்றால், ஊர் நன்மையைக் கருதிச் செய்தேன். இதில் என் சொந்த நோக்கம் எதுவும் இல்லை. தருமபுரி ஆட்களும் ஆட்கள்தான், அவர்களுக்கும் உன்னை மாதிரி ஒரு டாக்டர் தேவை. எனவே நீ எங்களை நினைத்து முடிவெடுக்க வேண்டாம். உன் படிப்புக்கும் வேலைக்கும் எது நல்லதோ அதைச் செய். நாங்கள் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். எனக்கு பிரஷர் சரியாக இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, செங்கோட்டையில் வாங்கிய எண்ணெய் தேய்த்ததில் முழுதும் போய்விட்டது. நீ தீபாவளிக்கு நான்கு நாள் வந்தால் போதும், அதுவும் லீவு கிடைத்தால்.

நீ எந்த ஊரில் இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, உன்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் குணமாகி, நல்ல பெயரோடு இருக்க குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மனும் துணை இருக்கட்டும். சஃப்ரின் மேடத்துக்கு என் வணக்கத்தையும் வருத்தத்தையும் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா,
மந்திரமூர்த்தி.

பின்குறிப்பு: உன் அம்மா பால் வாங்கப் போயிருக்கிறாள், வருவதற்குள் எழுதிவிடுகிறேன். "இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன்" என்பதிலிருந்து என் கையெழுத்து வரைக்கும் இருப்பது பூராவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதியது. "பிள்ள மேல பாரத்தைப் போடாதீய" என்று சொல்லிவிட்டாள். ஊர் நன்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ பதினேழு வயசில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய், பதினாலு வருஷம் ஆகிறது. மூன்று வருஷம் நீ பக்கத்தில் இருப்பாய் என்று கேட்டதும் எனக்குப் புத்தி நிதானத்தில் இல்லை. அதனால்தான் செய்தேன். பிரஷர் மாத்திரையை நான் நினைத்தால் போடுகிறேன், இல்லாவிட்டால் இல்லை. அம்மா மாடிப்படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். போனில் நீ கேட்கும்போதெல்லாம் நல்லாயிருக்கோம் என்று இரண்டு பேரும் பொய் சொல்லுகிறோம். வந்துரு தாயி.

ஆனந்தி, அம்மா எழுதுகிறேன். பால் வாங்கிவிட்டு வந்தேன். அப்பா கடைசியில் எழுதியதைக் கையால் மறைத்தார், விலக்கிப் படித்துவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்லலாம் என்றுதான் எடுத்தேன். கிழிக்கவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.